கோச்சியடிக்கு வராத பெரியம்மா

வெளிநாட்டுப் பிரயாணம் என்றால் நம் எல்லோருக்கும் சிங்கப்பூரும் துபாயும்தான் நினைவுக்கு வரும். எனக்குக் கிடைத்த முதல் வெளிநாட்டுப் பிரயாணமோ ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு! நாற்பத்து நாலு வயதில் முதன்முதலாகப் பாஸ்போர்ட் எடுத்து, சீட்டுப் பணத்தைக் கரைத்து, 2024 பிப்ரவரியில் இலங்கைக்குப் போய் வந்தேன். என் அம்மாவின் கூடப்பிறந்த அக்காவைப் பார்க்கத்தான்.

என் அம்மா இலங்கை மலைநாட்டில், அட்டனுக்குப் பக்கத்தில் நோர்வூட் பகுதித் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். வெள்ளைக்காரன் காலத்தில் நம் பக்கத்திலிருந்து காப்பித் தோட்டத்துக்கும், பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் கூலி வேலைக்குக் கூட்டிப் போனார்களே, அந்த வழியில் வந்த குடும்பம். இலங்கை சுதந்திரம் அடைந்த 1948-லேயே வந்த சட்டத்தால் அவர்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுப் பிரஜையும் இல்லை என்று ஆகிப்போனார்கள். 1964-ஆம் வருஷம் நம் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் அந்த நாட்டுப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது. மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974-இல் இன்னொரு ஒப்பந்தம் போட்டு ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

காகிதத்தில் எழுதுவதற்குச் சுலபமான கணக்கு. ஆனால் மனு எழுதிப் போட்டது ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக அல்லவா? தாத்தா இந்தியாவுக்கு எழுதிப் போட்டார். கல்யாணமாகிப் பக்கத்து லயத்துக்குப் போயிருந்த பெரியம்மாவோ, புருஷன் வீட்டாரோடு சேர்ந்து இலங்கைக்கு எழுதிப் போட்டாள். இரண்டு மனுவும் பலித்தது. அக்கா அங்கே, தங்கை இங்கே!

1973-இல் தாத்தா, பாட்டி, மாமாவோடு பதினெட்டு வயது அம்மா அட்டனில் கோச்சி ஏறினாள். ரயிலுக்கு அங்கே கோச்சி என்றுதான் பெயர், ஸ்டேஷன் கோச்சியடி. தலைமன்னார் வரைக்கும் ரயில், அங்கிருந்து ‘ராமானுஜம்’ கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். துறையூர்ப் பக்கம் தாத்தாவின் பூர்வீக ஊரில் வியாபாரக் கடன் வாங்கிக் கடை வைத்துப் பார்த்தார்கள். தோட்ட வேலை தவிர வேறு தெரியாதவர்களுக்குக் கடை எங்கே ஓடும்? கடைசியில் கோத்தகிரிக்கு வந்து மறுபடியும் கொழுந்துக் கூடையையே முதுகில் மாட்டினார்கள். அங்கேதான் நான் பிறந்தேன்.

அம்மா தன் பிறந்த ஊரைப் பற்றி ஆசையாய்ப் பேசுவாள். ஆனால் பேச்சு அக்காவிடம் வந்ததும் முகம் சுண்டிவிடும். “ஊரே கோச்சியடிக்கு வந்து கட்டிப் பிடிச்சு அழுதுச்சு. கூடப்பொறந்தவ மட்டும் எட்டிப் பாக்கல” என்பாள். நாலைந்து கடிதங்கள் வந்து போயிருக்கின்றன. 1983-இல் அங்கே பெரிய கலவரம் வெடித்தது. அடுத்த வருஷம் கப்பலும் நின்றுபோயிற்று. அந்தச் சமயத்தில் அம்மா போட்ட ஒரு கடிதத்துக்குப் பதில் இல்லை. “வழியனுப்பவே வராதவ கடுதாசியா போடப் போறா?” என்று அம்மாவும் விட்டுவிட்டாள். “அவளே முதலில் எழுதட்டும்” என்ற வீம்பு. முப்பத்தெட்டு வருஷம் அந்த வீம்போடு இருந்து, 2021-இல் கண்ணை மூடிவிட்டாள்.

தலைத் திவசத்துக்குக் கோத்தகிரி போனபோது அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். அடியில், 1982 தேதியிட்ட பெரியப்பாவின் கடிதம். தோட்டத்தின் பெயர், டிவிஷன், நோர்வூட் என்று விலாசம் தெளிவாக இருந்தது. நாற்பது வருஷத்து விலாசத்துக்கு யாராவது எழுதுவார்களா என்று என் பிள்ளைகள் சிரித்தார்கள். என்னமோ தோன்றிற்று, எழுதிப் போட்டேன்.

இருபதே நாளில் போன் வந்தது! “சின்னம்மா மகளா பேசுறது?” என்றது ஒரு பெண் குரல். பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா முறை. தோட்டத்து ஆபீசில் கொடுத்த கடிதம் நேரே கைக்கு வந்துவிட்டதாம். “நாங்க எங்க தங்கச்சி போகப் போறோம்? அதே லயம், அதே காம்பராதான்” என்றார்.

வாசகியரே, அன்று இரவு நான் தூங்கவில்லை. அவர்கள் அதே இடத்தில்தான் இருந்திருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் எந்த நாளில் அம்மா ஒரு தபால்தலை ஒட்டியிருந்தாலும் போய்ச் சேர்ந்திருக்கும்.

உடனே கிளம்ப முடியவில்லை. 2022-இல் இலங்கையில் பெட்ரோலுக்கும் காஸுக்கும் ஜனங்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்ற கஷ்ட காலம். அது சற்று ஓய்ந்த பிறகு, என்னவருக்கு லீவு கிடைக்காததால், மகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம் ஒன்றேகால் மணி நேரம்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து சென்னைக்கு வந்ததுதான் பெரிய பிரயாணம்! விமான நிலையத்துக்கு அக்காவின் மகன் வந்திருந்தான். கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான். தோட்டத்துப் பிள்ளைகள் பல பேர் இப்போது அப்படித்தான். மறுநாள் காலை கோட்டை ஸ்டேஷனில் மலைநாட்டு ரயில் ஏறினோம். ரம்புக்கனையில் மலை ஏறத் தொடங்கும் ரயில், நாவலப்பிட்டி தாண்டியதும் தேயிலைக்குள் புகுந்து புகுந்து போகிறது. அட்டன் நாலாயிரம் அடிக்கு மேல் இருக்கிறது. கோத்தகிரியைவிட உயரம் குறைவுதான். ஆனால் பச்சை மட்டும் அதே பச்சை. அம்மா ஏன் துறையூரில் தங்க மாட்டேன் என்று அடம் பிடித்தாள் என்று அப்போதுதான் புரிந்தது.

அட்டன் பிளாட்பாரத்தில் சற்று நின்றேன். அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தது இங்கேதானே!

அங்கிருந்து ஆட்டோவில் டிக்கோயா வழியாக, காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்துக்கொண்டே போனோம். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வீடு. வீடு என்றால் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று, முன்னால் சின்னத் திண்ணை. அந்த அறையைத்தான் காம்பரா என்கிறார்கள். இந்திய அரசின் உதவியில் கட்டிய தனி வீடுகள் சில தோட்டங்களில் வந்துவிட்டன. பெரியம்மாவின் லயத்துக்கு இன்னும் வரவில்லை. ஆனால் அந்தச் சின்ன அறையை என்ன சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்கிறீர்கள்! பித்தளைப் பாத்திரங்கள் பளிச்சென்று அடுக்கியிருந்தன.

திண்ணையில் பெரியம்மா நின்றிருந்தார். எழுபத்து நாலு வயது. அம்மாவின் அதே நெற்றி, அதே கை. என்னைக் கட்டிப் பிடிப்பார், அழுவார் என்று வழியெல்லாம் கற்பனை செய்துகொண்டு போயிருந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துவிட்டு, “வா புள்ள. தேத்தண்ணி ஆறிப் போகுது” என்றார். அவ்வளவுதான்.

உள்ளங்கையில் கருப்பட்டித் துண்டை வைத்துக் கடித்துக்கொண்டு, பால் விடாத சூடான தேநீர். கூடவே ரொட்டியும் சம்பலும். ஒரு வாய் வைத்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. அம்மா எங்களுக்கு வாராவாரம் செய்து தந்த அதே ருசி! இரண்டு கப் கோதுமை மாவுக்கு ஒரு கப் தேங்காய்த் துருவல், உப்பு போட்டுக் கெட்டியாகப் பிசைந்து, கையாலேயே தட்டிக் கனமாகச் சுட வேண்டும். வறுத்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு வைத்து இடித்து, தேங்காய்த் துருவல் சேர்த்து மறுபடி இடித்து, எலுமிச்சம்பழம் பிழிந்தால் சம்பல். மழைக்கால மாலையில் குழந்தைகளுக்குச் செய்து கொடுத்துப் பாருங்கள்; சிறு குழந்தைகளுக்கு மிளகாயைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் அரக்குக் கலர் ஸ்வெட்டரைக் கொண்டு போயிருந்தேன். பெரியம்மா அதை மடியில் வைத்துத் தடவித் தடவிப் பார்த்தார். “கடைசிப் பித்தான் வேற. மாத்தித் தைச்சிருக்கா. அவளுக்குத் தையல் வராது, அப்பவும் இப்படித்தான் கோணையா இழுப்பா” என்றார். பிறகு அதைப் போட்டுக்கொண்டார். நாங்கள் இருந்த ஐந்து நாளும் கழற்றவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி தோட்டத்து மேட்டுக்குப் போனோம். எதிரே சிவனொளிபாத மலை. டிசம்பரிலிருந்து மே வரை யாத்திரைக் காலமாதலால் உச்சி வரைக்கும் விளக்குப் போட்டிருந்தார்கள். இருட்டில் மாலை தொங்கவிட்ட மாதிரி இருந்தது. அங்கே உட்கார்ந்துதான் தைரியம் பண்ணிக்கொண்டு கேட்டேன்.

“பெரியம்மா, அம்மா போன அன்னிக்கு நீங்க ஏன் கோச்சியடிக்கு வரல? கடைசி வரைக்கும் அம்மா அதையே சொல்லிக்கிட்டு இருந்தாங்க.”

பக்கத்திலிருந்த அக்கா, “நான் அப்ப இருபது நாள் புள்ள தங்கச்சி. பச்ச ஒடம்புக்காரி எப்படிப் போறது?” என்று முந்திக்கொண்டார். பெரியம்மா கையை ஆட்டி அதை மறுத்தார்.

“அதெல்லாம் சாக்கு புள்ள. நடந்தே போயிருப்பேன். போயிருந்தா கோச்சியில நானும் ஏறிடுவேன்னு பயம். புருஷன், புள்ள, எல்லாத்தையும் விட்டுட்டு ஏறிடுவேன். அதான் போகல. லயத்துக் கோடியில நின்னு, லொறி அந்த வளைவு தாண்டுற வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தேன். அவ நிமுந்து பாக்கல.” கொஞ்ச நேரம் கழித்து, “எழுதுவான்னு பாத்தேன். இந்தியாவுல நல்லா இருப்பா, நம்மள மறந்துட்டான்னு நெனச்சேன்” என்றார்.

அவளே முதலில் எழுதட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்திருக்கிறார்கள். 1983-இல் அம்மா போட்ட கடிதம் இவர் கைக்கு வந்து சேரவே இல்லை. மற்ற கடிதங்களை பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர், பேத்தியை விட்டு எனக்குப் படித்துக் காட்டினார். எல்லாக் கடிதத்திலும் அம்மா கேட்டிருந்தது ஒன்றுதான்: “அக்கா, உன் பிள்ளைக்கு என்ன பேர் வைத்தாய்?”

ஆறாம் நாள் கிளம்பினோம். லயமே கூடிற்று. பெரியம்மாவை மட்டும் காணோம். அடுப்படியில் இருந்தபடியே, “போய்ட்டு வா புள்ள” என்றார். அக்கா என் காதோடு, “அம்மா யாரையும் வழியனுப்ப மாட்டாங்க தங்கச்சி. என் மகன் கொழும்புக்குப் போகும்போதுகூட வரல” என்றார்.

ஆட்டோ அந்த வளைவுக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னேன். இறங்கி, நிமிர்ந்து பார்த்தேன். லயத்துக் கோடியில் அரக்குக் கலரில் ஒரு புள்ளி. கையைத் தூக்கிக் காட்டினேன். அந்தப் புள்ளியும் கையைத் தூக்கிற்று.

என்னைப் போலப் போக நினைக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தை. வீசா விண்ணப்பத்தை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் அனுப்பலாம். 2024-இல் நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்றரை ரூபாய்க்கு மேல் கிடைத்தது. மலைநாட்டில் இரவு குளிர் உண்டு. கம்பளியும் வழக்கமான மருந்து மாத்திரைகளும் அவசியம். மழை நாளில் தேயிலைக்குள் போனால் அட்டை ஏறும். இழுத்துப் பிய்க்காமல் உப்புத் தொட்டு வைத்தால் விழுந்துவிடும். சளி பிடித்தால் அவர்கள் கொத்தமல்லியும் இஞ்சியும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்துத் தருகிறார்கள். என் மகளுக்கு அது நன்றாகவே கேட்டது.

இதையெல்லாம்விட முக்கியமாக இன்னொன்று. உங்கள் தாயோ தகப்பனோ இருக்கும்போதே உட்கார வைத்து, சொந்தபந்தங்களின் பெயர், ஊர், விலாசம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ‘அவர்கள் ஏன் நம்மைத் தேடவில்லை’ என்று யார்மீதாவது மனத்தாங்கல் இருந்தால், காரணம் தெரியும் வரைக்கும் காத்திருக்காதீர்கள். நான் மூன்று வருஷம் தாமதமாகப் போனேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் பெரியம்மாவிடம் போனில் பேசுகிறேன். முதலில் யார் கூப்பிடுவது என்று நாங்கள் கணக்குப் பார்ப்பதில்லை.