ஸ்ட்ரீட் ஹாக் மேல் ஏறிய கல்யாணம்

பனியன் கம்பெனியில் கைமடிக்கு நின்ற பையன்களுக்கு அப்போது ஒரே கனவு, அந்தக் கறுப்பு பைக். வாடகை சைக்கிளுக்கே ‘ஸ்ட்ரீட் ஹாக்’ என்று பேர் வைத்தவன் எங்கள் லைன் வீட்டில் இருந்தான். எண்பதுகளின் கடைசியில் தூர்தர்ஷன் காட்டிய தொடரின் பேர் அது. அடிபட்ட போலீஸ்காரன் ஜெஸ்ஸி மாக் அந்த பைக்கைத் திருட்டுத்தனமாக ஓட்டுவான், அவன் கூட்டாளி நார்மன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வழி சொல்வார். மணிக்கு 300 மைல். இங்கிலீஷ் ஒரு வரி புரியாது. பைக் புரிந்தது, போதாதா?

அமெரிக்காவில் அது ஓடாத சரக்கு. 1985 ஜனவரியில் ஏபிசி தொடங்கியது, 13 பகுதிகளோடு மூட்டை கட்டியது. வெளிநாட்டுக்காரன் கழித்த பனியன் பீஸைத் திருப்பூர் காதர்பேட்டையில் அள்ளிக்கொண்டு போவார்களே, அந்தக் கதைதான் இங்கே. இரண்டாம் பகுதியில் ஜெஸ்ஸியின் பழைய சிநேகிதனாக வந்த இளைஞர் ஜார்ஜ் க்ளூனி. அன்றைக்கு யார் கண்டார்கள்!

பக்கத்துத் தெருவில் நிட்டிங் முதலாளி வீட்டில் வி.சி.ஆர். இருந்தது. அவர் மகன் சில வாரங்களைப் பதிந்து வைத்திருந்தான். சம்பளச் சனிக்கிழமை முடிந்து, ஞாயிறு போய் நின்றால் போட்டுக் காட்டுவான். பிறகொரு நாள் அந்தக் கேசட்டைக் கேட்டபோது அவன் அம்மா, “அதுல பெரியவன் கல்யாணத்த ஏத்தியாச்சுங் தம்பி” என்றார். அழியக்கூடாது என்று ஓரத்துப் பிளாஸ்டிக்கை உடைத்துத்தான் வைத்திருந்தான். யாரோ அந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டிவிட்டார்கள். கல்யாணத்தையும் பார்த்தோம். தாலி கட்டி, பந்தி முடிந்து, ‘நன்றி, வணக்கம்’ போட்ட பிறகு படம் கோடு கோடாக நடுங்கியது. சட்டென்று பைக் பாய்ந்தது. அரை நிமிஷம் இருக்கும், அவ்வளவுதான்.

2010-இல் 13 பகுதிகளும் டிவிடியாக வந்தன. படம் பளிங்கு மாதிரி இருக்கிறது. நாங்கள் பார்த்தது அதையல்ல. நடுவில் வந்த விளம்பரம், அறிவிப்பாளர் முகம், கொடைக்கானல் டவர் பக்கம் ஆண்டெனாவைத் திருப்பத் திருப்ப விழுந்த புள்ளி, எல்லாம் சேர்ந்ததுதான் எங்கள் ஸ்ட்ரீட் ஹாக். டிவி நிலையங்களே டேப்பை அழித்து மறுபடி பதிந்த காலம் அது. அதற்கும் முன்பே பிபிசி ‘டாக்டர் ஹூ’ தொடரில் 90-க்கும் மேற்பட்ட பகுதிகளைத் தொலைத்திருக்கிறது. தூர்தர்ஷனை மட்டும் திட்டி என்ன பயன்? ஒளிபரப்பு அப்படியே மிஞ்சியிருந்தால், அது வீட்டுக் கேசட்டில்தான்.

வி.சி.ஆர். செய்துவந்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் ஃபுனாயும் 2016-இல் நிறுத்திவிட்டது. பரணில் கல்யாணக் கேசட் கிடந்தால், பூஞ்சை முழுதாகத் தின்னும் முன் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். ‘நன்றி, வணக்கம்’ வந்ததும் நிறுத்த வேண்டாம், கடைசி வரை ஓட விடுங்கள்.