ஒரே பாட்டு, மூன்று ஒலி

1976-இல் வந்த ‘அன்னக்கிளி’ படத்தில் எஸ். ஜானகி பாடிய ஒரு பாட்டை நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் இசைத்தட்டு, கேசட், இணையப் பதிவு மூன்றிலும் அடுத்தடுத்துக் கேட்டேன்.

இசைத்தட்டில் சரசரப்பு உண்டு; ஆனால் தோல் வாத்தியம் அதிர்ந்து அடங்குவது வரை கேட்கிறது. வேகமாகச் சுழலும் தட்டில் நுண்ணொலிக்கு இடம் அதிகம். நொடிக்கு 4.76 செ.மீ. மட்டுமே நகரும் கேசட் நாடாவில் மேல் ஸ்தாயி மங்கிவிடுகிறது. இணையப் பதிவில் இரைச்சலைத் துடைத்தவர்கள் ஜானகியம்மா மூச்சிழுப்பதையும் சேர்த்தே துடைத்துவிட்டார்கள்.

இந்தப் பாட்டுக்கு இசையமைத்த இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் எங்கள் போடிமெட்டு மலைக்குக் கீழேதான். அவருடைய முதல் படப் பாட்டு, பதிவான அன்றைய ஒலியோடு எங்கள் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும். வீட்டுப் பரணில் பழைய தட்டு இருந்தால், தயவுசெய்து காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள்.