கைக்கும் தெரிய வேண்டும்

சீன மருந்துக்கடையில் சரக்குகளைப் பெயர் வரிசையிலோ விலை வரிசையிலோ அடுக்குவதில்லை. பூ, இலை என்று எடை குறைந்தவை மேல் இழுப்பறைகளில் இருக்கும். சிப்பி, கல், கனிமம் எல்லாம் தரையை ஒட்டிய வரிசைகளில். ஒரே கஷாயத்தில் அடிக்கடி சேர்ந்து வருபவை பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் எடுப்பவருக்கு நடை மிச்சம். ஒன்றுக்கொன்று ஆகாத சரக்குகள் ஓர் இழுப்பறைக்குள் சேராது. பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிபவையும் தள்ளித் தள்ளித்தான் இருக்கும். இந்த அலமாரியைப் பார்த்துக் காரணம் சொல்லத் தெரிந்துவிட்டால் மருத்துவத்தில் பாதிப் பாடம் முடிந்தது என்றே நினைக்கிறேன்.

சிங்கப்பூரில், சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் அப்படி ஓர் அலமாரி உள்ள கடைக்குப் பல மாலைகள் போய்வந்தேன். இந்த மருத்துவத்தை எப்படிக் கற்கிறார்கள், எந்தப் புத்தகங்கள் கைகொடுக்கின்றன என்று நேரில் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. கடையின் முன்பக்கம் மருந்து. தடுப்புக்குப் பின்னால் நாடி பார்க்கும் சின்ன அறை. முன்பக்கத்தை ஆள்பவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். சிறுவயதில் வேலைக்குச் சேர்ந்து, கூட்டிப் பெருக்கி, சரக்கு நறுக்கி, பல ஆண்டுகள் கழித்துத் தராசைத் தொட்டவர். எல்லோருக்கும் அவர் ‘சிஃபூ’. உள்ளே இருக்கும் இளம்பெண் மருத்துவரைச் சிங்கப்பூர் வழக்கப்படி ‘சின்சே’ என்கிறார்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2005இல் தொடங்கிய, உயிர்மருத்துவ அறிவியலையும் சீன மருத்துவத்தையும் சேர்த்துத் தந்த இரட்டைப் பட்டப்படிப்பில் படித்தவர். சிஃபூ கேன்டனீஸில் சொல்வதை அவர்தான் எனக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார்.

முதலில் என் கண்ணில் பட்டது தராசு. ஒற்றைத் தட்டு வெள்ளிக்கோல். ஒரு முழத்துக்கும் குறைவான மெல்லிய கோல், அதில் புள்ளி புள்ளியாக அளவுக் குறிகள், நூலில் ஆடும் சின்னக் குண்டு. இங்கே இன்னும் பழைய ‘சியென்’ கணக்குதான். ஒரு சியென் 3.75 கிராம். சீனாவில் இப்போது அதே சியெனை 3 கிராமாகக் கொள்கிறார்கள் என்பதால், அங்கே அச்சான புத்தகத்தை வைத்துக்கொண்டு இங்கே எடை போடுகிறவர் எந்தக் கணக்கு என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஐந்து பொட்டலம் என்றால் சிஃபூ ஒவ்வொரு சரக்கையும் ஐந்து மடங்கு நிறுத்துக்கொள்வார். பிறகு ஒரு பங்கைத் தாளில் கொட்டி, தட்டில் மிச்சம் எவ்வளவு என்று மறுபடி கோலைத் தூக்கிப் பார்ப்பார். இப்படியே ஐந்து தாளுக்கும். கண்மட்டத்தில் பங்கு பிரிப்பதே கிடையாது. சரக்குகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிக்காமல் தாளில் தனித்தனிக் குவியலாக வைப்பார். அதனால்தான் சின்சே வெளியே வந்து சீட்டையும் தாளையும் ஒப்பிட்டுச் சரிபார்க்க முடிகிறது.

அன்று வந்த ஒரு சீட்டில் ஐந்தே சரக்கு: கருவாப்பட்டை இன மரத்தின் இளங்குச்சி, வெள்ளைப் பியோனி வேர், தேனில் வதக்கிய அதிமதுரம், இஞ்சி, இங்கே சிவப்புப் பேரீச்சை என்று விற்கும் சீன இலந்தை. பியோனியைத் தவிர மற்றதை நம் நாட்டு மருந்துக் கடைக்காரரும் அடையாளம் கண்டுகொள்வார். கி.பி. 200ஐ ஒட்டி ஜாங் ஜோங்ஜிங் எழுதிய ‘ஷாங்ஹான் லுன்’ நூலின் முதல் மருந்தும் இதே ஐந்து சரக்குதான். தன் குலத்தில் 200க்கு மேல் இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பத்தாண்டுக்குள் மாண்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் காய்ச்சலில் போனார்கள் என்று அவர் முன்னுரை சொல்கிறது. அந்தத் துக்கத்தில் பிறந்த நூல்.

அந்த முதல் மருந்தில் குச்சியும் பியோனியும் சம எடை, அக்கால எடையில் மூன்று மூன்று லியாங். குளிர்க்காய்ச்சலில் வியர்வை கசிந்தும் உடம்பு தணியாதவருக்குத் தருவது. சின்சே அன்று எழுதியதோ வயிற்றுவலிக்காரருக்கு. அதே ஐந்து சரக்குதான், பியோனி மட்டும் இரண்டு மடங்கு. பெயரும் மாறிவிடுகிறது, வேலையும் மாறிவிடுகிறது. பியோனியை ஆறாக்கியதோடு மால்ட் பாகும் சேர்த்தால் இளைத்துச் சோர்ந்தவருக்கான மூன்றாவது மருந்து. குச்சியை ஐந்தாக்கினால் நான்காவது. சரக்கின் பெயரை மட்டும் மனத்தில் வைத்திருப்பவர் இங்கே தடுக்கி விழுவார். சிஃபூ பியோனியை நிறுப்பதற்கு முன் சீட்டை மறுபடி ஒருமுறை பார்த்தார், சின்சே உள்ளிருந்தே தலையசைத்தார். இருவருக்கும் அந்த 1800 ஆண்டுப் பழைய நூல் தெரியும். ஒருவருக்குக் கல்லூரி வழியாக, மற்றவருக்குக் கை வழியாக.

நூலில் சரக்குப் பட்டியலைவிட எனக்குப் பிடித்தது அதற்குக் கீழே வரும் செய்முறை. ஏழு பங்கு நீர் விட்டுச் சிறுதீயில் மூன்று பங்காக வற்ற வைக்க வேண்டும். ஒரு பங்கைக் குடித்துச் சற்று நேரத்தில் சூடாக நீர்த்த கஞ்சி குடிக்க வேண்டும். போர்த்திப் படுக்க வேண்டும், மெல்ல வியர்க்கலாம், ஆறாக ஓடக் கூடாது. கஞ்சியையும் போர்வையையும் மருந்தின் பகுதியாகவே எழுதியவரை எண்ணி எனக்கு மரியாதை பெருகியது. சின்சே ஒவ்வொரு நோயாளியிடமும் இதைச் சலிக்காமல் சொல்கிறார். புதினா போன்ற வாசனைச் சரக்கைக் கடைசியில் போடுங்கள், சிப்பியை முன்னால் கொதிக்க விடுங்கள், இரும்புச் சட்டி வேண்டாம், மண்சட்டி எடுங்கள்.

செய்முறை வரியை ஊன்றிப் படித்ததால் உலகத்துக்கே நன்மை கிடைத்த கதையும் உண்டு. 4ஆம் நூற்றாண்டின் கே ஹோங், காய்ச்சலுக்கு ஒரு பிடி சிங்ஹாவ் செடியை நீரில் ஊறவைத்துச் சாறு பிழிந்து குடிக்கச் சொன்னார். கொதிக்க வைக்கச் சொல்லவில்லை. சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று சீன ஆய்வாளர் து யூயூவுக்குத் தோன்றியது அந்த இடத்தில்தான். குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரைக் கொண்டு 1971இல் அவர் குழு எடுத்த சாறு மலேரியாவுக்கு எதிராகப் பலித்தது. அதுவே ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்துக்கு வழிவிட்டது, 2015இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பழைய நூலில் உள்ளதெல்லாம் இப்படி நிரூபணமாகிவிட்டதா என்றால், இல்லை. சோதித்துப் பார்க்காதவை ஏராளம். அந்தச் செடியையும் ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்த பிறகே உலகம் ஏற்றது. சின்சேயும் இதை மறைப்பதில்லை. தன் மருந்தில் நம்பிக்கை உள்ள அவர்தான், இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வாருங்கள் என்று நோயாளிகளைத் திருப்பி அனுப்புகிறவரும்.

மனப்பாடம் செய்வது இந்தப் படிப்பில் இன்றும் கட்டாயம். வாங் ஆங் 1694இல் தொகுத்த ‘டாங்டோ கெஜுவே’ 200 பாடல்களில் 300க்கு மேற்பட்ட மருந்துகளை அடக்கியது, அடிக்கு ஏழு எழுத்து. நாடிக்கு லி ஷிஜென் 1564இல் எழுதிய ‘பின்ஹு மைஷுயே’, 27 நாடிகளைச் செய்யுளில் சொல்வது. சேரக் கூடாத சரக்குகளுக்கும் ஒரு பாட்டு இருக்கிறது. அதிமதுரத்துக்கு ஆகாதவை எவை, நாபிக்கு ஆகாதவை எவை என்று அது சொல்லும். சித்த மருத்துவம் பாட்டில் வந்ததை அறிந்த தமிழருக்கு இது புதிதாகத் தோன்றாது. சின்சே பரீட்சைக்காக உருப்போட்ட பாட்டு, சிஃபூவின் வாயில் வேலையோடு வேலையாக முணுமுணுப்பாக வருகிறது. ஆகாத இரண்டு பெயர் சீட்டில் சேர்ந்து வந்தால் அவர் கை தானாக நின்றுவிடும்.

ஆனால் பாட்டு சரக்கை அடையாளம் காட்டாது. சிஃபூ எனக்கு ஃபாங்ஜி வேரின் துண்டு ஒன்றைக் காட்டினார். வெட்டுவாய் வெளிர்சாம்பல், தேய்த்தால் விரலில் மாவு ஒட்டுகிறது, நடுவிலிருந்து மெல்லிய கோடுகள் விரிகின்றன. ஏறக்குறைய இதே பெயரில் வேறொரு கொடியின் வேரும் சந்தையில் இருந்தது. அது அரிஸ்டோலோகியா இனம், சிறுநீரகத்துக்கு நஞ்சு. பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் உடல் இளைக்கும் மாத்திரையில் ஒன்றுக்குப் பதில் மற்றது கலந்து, 100 பேர் அளவில் சிறுநீரகம் கெட்டுப்போனது. 1993இல் மருத்துவ இதழில் அது வெளிவந்தது. பெயர் ஒத்திருந்தால் போதும் என்று நினைத்த இடத்தில் நேர்ந்த கொடுமை அது.

அலமாரியின் இன்னொரு இழுப்பறைக்கும் வரலாறு உண்டு. கசப்பான ஹுவாங்லியன் கிழங்கில் பெர்பெரின் இருக்கிறது. ஜி6பிடி நொதிக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை முற்றிவிடும் என்ற அச்சத்தால் சிங்கப்பூர் 1978இல் இதைத் தடை செய்தது. ஆய்வுகளை மறுபடி பார்த்து 2013 முதல்தான் விலக்கியது. அந்தச் சரக்கைப் பாட்டில் மட்டும் படித்து, தொட்டே பார்க்காத மாணவர்கள் ஒரு தலைமுறை முழுக்க இருந்தார்கள்.

படிக்க விரும்புகிறவர் எங்கே தொடங்கலாம் என்று கேட்டேன். சின்சே தன் புத்தக அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டிய ஆங்கிலப் புத்தகங்களை நானும் பிறகு தேடிப் படித்தேன். மக்காவ் நகரில் பயின்ற டெட் கப்சக் 1983இல் எழுதிய நூல் சீன மருத்துவம் எப்படி யோசிக்கிறது என்பதைப் பொறுமையாகச் சொல்கிறது. முதலில் அதைப் படிக்கலாம். சரக்குகளுக்கு டான் பென்ஸ்கியும் உடனெழுதியவர்களும் செய்த பெருநூல், அக்குபங்சர் ஊசிப் புள்ளிகளுக்குப் பீட்டர் டெட்மன். மூல நூலான ‘ஹுவாங்டி நெய்ஜிங்’கின் முதல் பாதிக்கு பால் உன்ஷுல்டின் மொழிபெயர்ப்பு இருக்கிறது. சொல்லுக்குச் சொல் குறிப்போடு வந்த அதைத் தொடக்கத்திலேயே எடுத்தால் மலைப்பாக இருக்கும், நோயாளிகளைப் பார்த்த பிறகு எடுப்பது நல்லது. 1892 பொருள்களைப் பதிவுசெய்த லி ஷிஜென்னின் ‘பென்சாவ் காங்மு’ பக்கத்தில் வைத்துக்கொண்டு வேண்டும்போது எடுத்துப் பார்ப்பதற்கு, வரிசையாகப் படிப்பதற்கு அல்ல. அவர் 27 ஆண்டு உழைத்த நூல் 1596இல் அச்சாகி வரும்போது அவர் இறந்து மூன்றாண்டு ஆகியிருந்தது.

இப்போது பல மருந்தகங்கள் கொதிக்க வைக்க வேண்டியில்லாத, வெந்நீரில் கரைக்கும் தூளுக்கு மாறிவிட்டன. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய உதவி, அதை நான் குறை சொல்ல மாட்டேன். என் கவலை படிக்க வருகிறவர்களைப் பற்றியது. எல்லாத் தூளும் பழுப்புதான், எல்லாம் ஒரே மாதிரி டப்பாவில். அதில் வளரும் மாணவருக்கு ஃபாங்ஜி வெட்டுவாயின் மாவை யார் காட்டுவார்கள்? சிங்கப்பூரின் 2000ஆம் ஆண்டுச் சட்டம் சீன மருத்துவர்களையும் அக்குபங்சர் செய்கிறவர்களையும் பதிவு செய்ய வைத்தது, அது நல்லதுதான். அதோடு, நாடியில் விரல் வைக்கும் முன் ஒவ்வொரு மாணவரும் ஓராண்டாவது இப்படி ஓர் அலமாரி முன்னால் நின்று நிறுத்துக் கட்ட வேண்டும் என்று கல்லூரிகளும் விதி வைத்துவிடலாம். சிஃபூவின் வயதுள்ளவர்கள் கடைகளில் இன்னும் வேலை பார்க்கிறார்கள். சொல்லிக்கொடுக்கச் சொன்னால் மறுப்பார்களா என்று கேட்டதற்கு, சிஃபூ என்னைப் பார்த்துவிட்டு, இத்தனை ஆண்டில் கல்லூரியிலிருந்து யாரும் வந்து கேட்டதில்லை என்றார்.