மூடிய கோப்பும் முடிந்த காரியமும்

உன் டீமின் ஜிராவில் முடியாத டிக்கெட்டுகள் நானூறைத் தாண்டிவிட்டன, இனி அந்தப் பதிவேடு தேறாது என்று உன் மேனேஜர் சொல்கிறாராம். எண்ணிக்கையை வைத்து அப்படிச் சொல்லலாமா தாத்தா என்று கேட்டிருந்தாய். சொல்லக் கூடாது அம்மாடி. நானூறு பாக்கி உள்ள நல்ல பதிவேட்டையும் பார்த்திருக்கிறேன், நாற்பதே பாக்கி உள்ள பொய்ப் பதிவேட்டையும் பார்த்திருக்கிறேன். வருவாய்த் துறையில் தலை நரைத்தவனுக்கு உங்கள் சாப்ட்வேர் தெரியாதுதான். ஆனால் நீ லேப்டாப்பில் காட்டியபோது, அட, இது நம்ம பி.ஆர். ஆச்சே என்றுதான் தோன்றியது.

வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நம் அரசு அலுவலகங்களில் டாட்டன்ஹாம் முறை என்று ஒன்று இருக்கிறது. தபாலில் வரும் தாள் ஒவ்வொன்றுக்கும் நடப்பு எண் விழும். பகிர்மானப் பதிவேட்டில் ஏறும். எந்த உதவியாளர் கவனிக்க வேண்டுமோ அவருடைய தன்பதிவேட்டுக்குப் போகும். அதைத்தான் பி.ஆர். என்போம். என்று வந்தது, யாரிடமிருந்து, என்ன பொருள், யாருக்கு எழுதிக் கேட்டோம், பதில் என்று வந்தது என்று கட்டம் கட்டமாக எழுத வேண்டும். உடனே ஒன்றும் செய்ய முடியாத கோப்பு, கோர்ட்டில் கிடப்பது மாதிரி, கால் புக்குக்கு மாறும். முடிந்த கோப்புக்கும் வகை உண்டு. எல்.டிஸ். என்றால் ஒரு வருஷம் வைத்திருந்து கழித்துவிடலாம், ஆர்.டிஸ். என்றால் என்றென்றைக்கும் காப்பாற்ற வேண்டும். மாதாமாதம் நிலுவைப் பட்டியல். உங்கள் டிக்கெட், அசைனி, பேக்லாக் எல்லாம் இதற்குள் அடக்கம்.

நல்ல தாசில்தார் பி.ஆர். பார்க்கிற விதமே தனி. மொத்தம் எத்தனை என்று கேட்கவே மாட்டார். நடுவில் ஒரு பக்கத்தைப் பிரிப்பார், ஒவ்வொரு எண்ணுக்கும் கடைசியாக என்ன எழுதியிருக்கிறது, என்றைக்கு எழுதியிருக்கிறது என்று விரலை ஓட்டுவார். இருபது எண்களுக்கும் ஒரே தேதியில், ஒரே மையில் ‘நினைவூட்டு அனுப்பப்பட்டது’ என்று இருந்தால் சிரிப்பார். ஆய்வுக்கு முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து எழுதியது அது. உங்கள் டீமிலும் மீட்டிங்குக்கு அரை மணி முன்னால் எல்லா டிக்கெட்டும் திடீரென்று உயிர் பெறுகிறதா என்று பார். வாரம் முழுக்க ஒன்றும் அசையாமல் வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் அசைகிற பதிவேடு, வேலைக்காக எழுதப்படவில்லை, பார்க்கிறவருக்காக எழுதப்படுகிறது.

ஸ்ரீரங்கம் தாலுகா என்றால் உனக்குக் கோபுரமும் காவிரியும்தான். எங்களுக்கோ அது அந்தநல்லூர், ஜீயபுரம், பெட்டவாய்த்தலை என்று வாழையும் நெல்லுமாக நீளும் சர்வே எண்கள். அந்த எண்கள் அத்தனைக்கும் வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் பரிசோதனைதான் ஜமாபந்தி. பசலி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். 2025 ஜூலையில் பிறந்தது 1435-ஆம் பசலி. அது முடிவதற்குள் கலெக்டரோ ஆர்.டி.ஓ.வோ தீர்வாய அலுவலராக வந்து தாலுகா ஆபீசில் உட்காருவார். கிராம நிர்வாக அலுவலர்கள் 1 முதல் 24 வரை எண்ணிட்ட கிராமக் கணக்குகளைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். கணக்கோடு நிலம் அளக்கும் சங்கிலியையும் கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பார்கள். புதிதாக வேலைக்கு வந்த பையன்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஆனால் சங்கிலி இழுபட்டு நீண்டிருந்தால் எவ்வளவு அழகாக எழுதினாலும் கணக்கு தப்புதான். உன் டீமில் ‘அவசரம்’ என்று குறித்தவை எத்தனை என்று கேட்டேனே, பாதிக்கு மேல் என்றாய். அங்கே சங்கிலி நீண்டுவிட்டது. அதைச் சரி செய்யாமல் மற்றதைப் பார்ப்பது வீண்.

இன்னொன்று அடங்கல். எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் என்று நிலத்துக்கே போய்ப் பார்த்து எழுத வேண்டிய கணக்கு, இரண்டாம் எண். அஸ்மாயிஷ் என்று சொல்லி மேலதிகாரியும் சில வயல்களுக்கு நேரில் போய் ஒத்துப் பார்ப்பார். போகாமல் போன வருஷ அடங்கலைப் பார்த்து இந்த வருஷத்துக்கு எழுதினால் என்ன ஆகும்? ஏட்டில் வாழை நிற்கும். வயலில் மனைக்கல் நட்டிருப்பார்கள். ஆபீசில் உட்கார்ந்து பார்த்தால் அந்த ஏட்டில் ஒரு குறையும் தெரியாது. வரப்பில் ஏறி நின்றால்தான் தெரியும். நீயும் ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்று போட்டிருக்கும் டிக்கெட்டுகளில் ஐந்தாறை எடுத்து, அந்தந்தப் பிள்ளையின் நாற்காலிக்கே போய், இன்றைக்கு இதில் கை வைத்தாயா என்று கேட்டுப் பார். அதட்டிக் கேட்காதே. அதட்டினால் அடுத்த மாதமும் வாழைதான் நிற்கும்.

பழைய பாக்கி விஷயத்துக்கு வருகிறேன். அரசு நிலத்தை ஆக்கிரமித்தவர்களுக்கு, 1905-ஆம் வருஷத்துச் சட்டப்படி பி மெமோ போடுவோம். அபராதம் விதித்து, வெளியேற்றும் வரை போக வேண்டிய சமாச்சாரம் அது. பல இடங்களில் என்ன நடக்கும் தெரியுமா? வருஷா வருஷம் அதே பெயர், அதே பரப்பு, அதே அபராதம், புதுத் தாளில் மாறாத எழுத்து. அப்பா பெயருக்குப் பதில் மகன் பெயர் வந்தால் அதுதான் மாற்றம். வாடகை ரசீது மாதிரி ஆக்கிரமித்தவரே அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, இத்தனை வருஷம் அனுபோகத்தில் இருக்கிறேன் என்று அத்தாட்சியாக நீட்டுவார். தீர்க்கப் போவதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்த பதிவை வருஷா வருஷம் முன்னே தள்ளிக்கொண்டு போனால் அது பிரச்சினைக்கே காவலாகிவிடுகிறது. உன் நானூறில் அப்படி எத்தனை என்று முதலில் பிரி. செய்யப் போவதில்லை என்றால், செய்யப் போவதில்லை, காரணம் இது என்று எழுதி மூடிவிடு. காத்திருக்க வேண்டியதைக் கால் புக்குக்கு அனுப்பு. மறுபடி எடுக்கும் தேதியைப் போட்டு அனுப்பு. தேதி போடாத கால் புக் பரண்தான்.

ஆள் பெயர் இல்லாத பதிவுகளைப் பற்றியும் கேட்டிருந்தாய். நம் ஊர்க் கோயிலையே பார். உடையவர் ராமானுஜர் கோயில் பணியாளர்களைப் பத்துக் கொத்தாக வகுத்து, யாருக்கு எந்தக் கைங்கர்யம் என்று திட்டம் செய்தார் என்று கோயிலொழுகு சொல்கிறது. விளக்குக்கு ஒருவர், பூவுக்கு ஒருவர் என்று இருந்தால்தான் விளக்கு எரியாத அன்று யாரைக் கேட்பது என்பது தெரியும். ‘டீம்’ என்று அசைன் செய்திருப்பது யாருக்கும் செய்யாததற்குச் சமம். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

இதைவிடக் கடினமான சோதனை, ஆள் மாறும்போது வரும். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகளை ஒழித்தது. கர்ணமும் மணியமும் போனார்கள். பிறகு தேர்வு எழுதிய இளைஞர்கள் வந்தார்கள். கணக்கை ஒழுங்காக எழுதி வைத்த கிராமத்தில் வந்தவர் தானே பார்த்துப் பிடித்துக்கொண்டார். கிராமத்தையே தலைக்குள் வைத்திருந்த கர்ணத்தின் ஊரில், புது ஆள் பழையவர் வீட்டுத் திண்ணைக்கு நடையாய் நடந்தார். உன் டீமில் ரொம்ப நாளாக இருக்கும் அந்த அண்ணன் ஒரு மாதம் லீவு போட்டால், அவர் பெயரில் இருக்கும் டிக்கெட்டைப் படித்து அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நேற்றுச் சேர்ந்த பெண்ணுக்குப் புரியுமா? அவளையே படிக்கச் சொல். அவள் முழிக்கிற இடத்தையெல்லாம் குறித்துக்கொள்.

முடித்தவற்றை நான் அதிகம் சந்தேகப்படுவேன். பட்டா மாற்றக் கேட்டு ஒருவர் மனு கொடுப்பார். ‘உரிய ஆவணம் இணைக்கப்படவில்லை’ என்று தள்ளுபடி. என்ன ஆவணம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் திருச்சி கலெக்டர் ஆபீசில் வரிசையில் நின்று இன்னொரு மனு கொடுப்பார். அதற்குப் புது எண். அது கீழே வந்து, முன்பே பதில் அனுப்பப்பட்டது என்று மறுபடி மூடப்படும். ஏட்டில் இரண்டு காரியம் முடிந்தது. அந்த மனுஷனுக்கோ பஸ் காசு போனதுதான் மிச்சம். ஆகையால் மாதத்தில் எத்தனை மூடினோம் என்ற உங்கள் வரைபடத்துக்குப் பக்கத்தில், மூடியவற்றில் எத்தனை வேறு எண்ணில் திரும்பி வந்தன என்பதையும் போடு. மேனேஜருக்குப் பிடிக்காது. போடு.

ஜமாபந்தியின் கடைசி நாளில் குடிகள் மாநாடு நடக்கும். அத்தனை நாளும் ஏட்டைப் புரட்டிய அதிகாரி, அன்றைக்கு நிலத்துக்காரர்களை எதிரே உட்கார வைத்துக் கேட்க வேண்டும். சில இடங்களில் அது மாலையும் சால்வையுமாகக் கழிந்துவிடும். ஒழுங்காக நடந்த இடங்களில், ஏட்டில் சரியாக இருந்ததெல்லாம் அங்கேதான் உடையும். உங்கள் டிக்கெட்டுகளை எழுதிப் போட்டவர்கள் யார்? கஸ்டமர் பக்கத்து ஆட்களா, டெஸ்டிங் பிள்ளைகளா? அவர்களில் நாலைந்து பேரை அழைத்து, ஆக மூத்த பத்து டிக்கெட்டுகளையும் போன மாதம் மூடிய பத்தையும் திரையில் போட்டு, இது உங்களுக்குத் தீர்ந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேள். மேனேஜரையும் பக்கத்தில் உட்கார வை. நானூறு சரியா தப்பா என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.