குற்றவாளிக் கூண்டில் நண்டு

காலையில் விளக்கைப் போட்டு எண்ணிப் பார்க்கிறார். நேற்று ஐந்தாக இருந்த சின்ன மீன்கள் இன்று நான்கு. ஐந்தாவது பவளத்தின் அடியில் பாதியாகக் கிடக்கிறது. அதன்மேல் குந்திக்கொண்டு சாவகாசமாகச் சாப்பிடுகிறது பச்சை நண்டு. விசாரணை எதற்கு? கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று.

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்களின் வீடுகளில் அடிக்கடி வழங்கப்படும் தீர்ப்பு இது. பல சமயம் தவறான தீர்ப்பும்கூட.

குற்றவாளிக் கூண்டில் நிற்பது மரகத நண்டு. கடைக்காரர்கள் எமரால்டு என்பார்கள். விஞ்ஞானப் பெயர் மித்ராகுலஸ் ஸ்கல்ப்டஸ். புளோரிடா, கரீபியக் கடல் பக்கத்துக்காரர். ஓடு ஓர் அங்குல அளவுதான். கொடுக்கின் நுனி கூராக இல்லாமல் ஸ்பூன் மாதிரி குழிந்திருக்கும். பாறையிலிருந்து பாசியைச் சுரண்டுவதற்கென்றே அமைந்த கருவி. இவரை வேலைக்கு வைப்பதும் அதற்காகத்தான், குறிப்பாகக் குமிழ்ப் பாசிக்காக. பச்சைக் கண்ணாடிக் கோலி போலிருக்கும் வலோனியா பாசியின் ஒவ்வொரு குமிழும் ஒரே ஒரு செல். பார்க்க அழகு. விட்டுவைத்தால் பவளத்தின் இடுக்குகளில் எல்லாம் குடியேறிவிடும். அதைக் கையால் பிடுங்கிச் சலித்தவர்தான் நண்டைத் தேடிப் போகிறார்.

நண்டை நம்புவதில் நியாயம் இருக்கிறது. கரீபியக் கடலில் பாசியை மேய்ந்துவந்த நீள்முள் கடல்முள்ளெலிகள் 1983-84இல் ஒரு நோயால் கூட்டம் கூட்டமாக மடிந்தன. மேய ஆளில்லாத பாறைகளைப் பாசி மூடியது. பிற்பாடு புளோரிடா கீஸ் பகுதியில் மரகத நண்டின் பெரிய உறவினரான கரீபிய ராஜ நண்டைச் சில பாறைகளில் விட்டுப் பார்த்தார்கள். 2021இல் வெளியான அந்த ஆய்வின்படி பாசிப் பரப்பு சுமார் 50 சதவீதம் குறைந்தது. முதலில் பாசியைத் தேய்த்துவிட்டு நண்டை விட்ட இடங்களில் சுமார் 80 சதவீதம். பவளக் குஞ்சுகளும் மீன்களும் திரும்ப வந்தன.

ஆனால் அது கடல். வரவேற்பறையில் இருப்பது 100 லிட்டர். கடலில் ஒரு பாறை காலியானால் நண்டு அடுத்த பாறைக்குப் போகும். தொட்டியில் அடுத்த பாறை கிடையாது. சிக்கலே இங்குதான். நண்டு கொள்கையால் சைவமல்ல. பாசி கிடைக்கும்வரை சைவம். பாறை பளபளவென்று ஆனதும் உரிமையாளர் நண்பர்களை அழைத்துக் காட்டிப் பெருமைப்படுகிறார். வேலை முடிந்த வேலைக்காரனுக்குச் சோறு போட வேண்டும் என்பது மட்டும் நினைவுக்கு வருவதில்லை. பசித்த நண்டு இரவில் அலைகிறது. மீன்களோ இரவில் தூங்குகின்றன. பவளக் கிளையில் உட்கார்ந்தபடியே தூங்கும் சின்னக் கோபி மீன்களும், நண்டு பதுங்கும் அதே பொந்தில் ஒதுங்கும் ஃபயர்ஃபிஷ் வகைகளும்தான் முதலில் ஆபத்தில் சிக்கும்.

பரிகாரம் எளியது. பாசி தீர்ந்ததும் வாரம் சில நாட்கள், விளக்கணைக்கும் நேரத்தில் விரலகல நோரித் துண்டையோ, மூழ்கும் தீனி ஒன்றிரண்டையோ நண்டின் பொந்தருகே வைத்தால் போதும். சின்னத் தொட்டிக்கு ஒரு நண்டுக்கு மேல் வேண்டாம். வாங்கும்போதே பெரிதாக இருப்பதைத் தவிர்ப்பது நல்லது. மீன்களுக்குத் தனியாக ஒளிய நிறையப் பொந்துகள் வேண்டும். பாறையோடு ஒட்டிக்கொண்டு இலவசமாக வந்து சேரும் நண்டுகள் விஷயம் வேறு. கொடுக்கின் நுனி கறுப்பாகவும் கூராகவும் இருந்தால் அதைத் தொட்டியில் வைத்திருக்கக் கூடாது.

இனி அந்த ஐந்தாவது மீன். மரகத நண்டு மெதுவாக நகரும் பிராணி. ஆரோக்கியமான மீனைத் துரத்திப் பிடிக்கும் வேகம் அதற்கில்லை. செத்ததையும் சாகக் கிடப்பதையும் தின்பது அதன் சுபாவம். பிணத்தருகே நின்றவனைப் பிடித்துப்போகும் போலீஸ்காரரைப் போல நடந்துகொள்வதற்கு முன் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும். அம்மோனியா ஏறியிருக்கலாம். மே மாதத்தில் நாக்பூரிலோ டில்லியிலோ இரவு மின்சாரம் போனால் பம்ப் நிற்கும், தண்ணீர் சூடாகும், சூடான நீரில் ஆக்ஸிஜன் குறையும். விடியும்போது மீன் செத்திருக்கும். நண்டு சாட்சி மட்டுமே. அது பிணத்தைத் தின்று தீர்த்ததால் தண்ணீர் மேலும் கெடாமல் தப்பியது என்றுகூடச் சொல்லலாம். நோய் என்று தெரிந்தாலும் அவசரப்பட்டுத் தாமிரம் கலந்த மருந்தை ஊற்றக் கூடாது. மீன் பிழைக்கும், நண்டும் பவளமும் பிழைக்காது. நோயுற்ற மீனை வேறு தொட்டிக்கு மாற்றித்தான் மருந்து தர வேண்டும்.

பாசி ஏன் வந்தது என்ற கேள்வியை யாரும் அதிகம் விரும்புவதில்லை. அள்ளிக் கொட்டிய தீனி அழுகி நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஆகிறது. அதைத் தின்று பாசி வளர்கிறது. தீனியைக் குறைக்காமல் நண்டை மட்டும் வாங்குவது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதற்குச் சமம்.

இவ்வளவுக்குப் பிறகும், சிவப்பு விளக்கொளியில் இரவு காத்திருந்து பார்த்ததில் உயிருள்ள மீனை நண்டு பிடிப்பதைக் கண்ணால் கண்டுவிட்டால் வெளியேற்ற வேண்டியதுதான். பாறைகளைக் கலைக்கத் தேவையில்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் இறால் துண்டைப் போட்டுப் பாறைமேல் சாய்த்து வைத்தால் நண்டு உள்ளே விழும். வழுக்கும் கண்ணாடியில் ஏற முடியாது. கொல்ல வேண்டாம். நம் கடலில் கொண்டுபோய் விடவும் வேண்டாம், அது இந்தக் கடலின் பிராணியல்ல. வடிகட்டும் தொட்டியில் தனியாக வாழட்டும்.

சில நாள் காலையில் நண்டே செத்துக் கிடப்பது போலத் தெரியும். எடுத்துப் பார்த்தால் எடையே இருக்காது, உள்ளே ஒன்றுமில்லை. ஓட்டைக் கழற்றிவிட்டுப் போயிருக்கிறது. புது ஓடு கெட்டியாகும்வரை அது பொந்தைவிட்டு வராது. அந்த நாட்களில் மீன்கள்தான் அதைக் கொத்தக்கூடும்.