ஏழு கையெழுத்து

எங்கள் தாத்தா வீட்டுக் கூடத்தில் இப்போது லினன் சட்டை விற்கிறார்கள். நெல் குதிர் நின்ற மூலையில் ட்ரையல் ரூம். ஒன்பது வருடமாக வாடகை மாதா மாதம் 5ஆம் தேதிக்குள் வந்துவிடுகிறது. அதை ஏழாகப் பிரிக்கிறோம். புதுச்சேரியில் பழைய வீடு வைத்திருப்பவர்களிடம் இதைச் சொன்னால், "கொடுத்துவைச்சவங்க" என்பார்கள்.

புதுச்சேரி என்றதும் கடற்கரையோரத்து மஞ்சள் சுவர்களும் காகிதப்பூவும்தான் நினைவுக்கு வரும். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே இருப்பது அந்த ஊர். எங்கள் வீடு வாய்க்காலுக்கு மேற்கே. அங்கே வீடுகள் மதிலுக்குள் ஒளிந்துகொள்வதில்லை. தெருவைப் பார்த்து, தோளோடு தோள் ஒட்டி நிற்கும். முகப்பு 25 அடிதான், ஆனால் உள்ளே 110 அடி போகும். தெருவில் மரத்தூண் வைத்த தாழ்வாரம், அப்புறம் திண்ணை, நிலைக்கதவு, நடை, முற்றம், கூடம், சமையற்கட்டு, கடைசியில் கிணறு. தாழ்வாரம் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்குகிறவர்களுக்கு. அதற்கு யாரும் அனுமதி கேட்பதில்லை.

மாடி வேறு கதை. வளைவு ஜன்னல், சுண்ணாம்பில் வார்த்த அலங்காரம், சாய்பலகை வைத்த மரக்கதவு எல்லாம் பிரெஞ்சு. கீழே நாம், மேலே அவர்கள். துய்ப்ளேயின் துபாஷியாக இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடும் இதே கலவைதான். கீழே மரத்தூணும் முற்றமும், மேலே ஐரோப்பியத் தூண்கள். ஃப்ரன்ட்எண்டை மட்டும் மாற்றி, பேக்கெண்டைத் தொடாமல் விட்ட மாதிரி. மன்னிக்கவும், தொழில் புத்தி.

எனக்குப் பிடித்தது மெட்ராஸ் டெரஸ். நெருக்கமாகப் போட்ட தேக்குக் கட்டைகளின் மேல் அச்சுக்கல் என்கிற மெல்லிய செங்கலைக் குறுக்காக, செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டுவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, மரப்பலகையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடைசியில் தட்டோடு. கம்பியே கிடையாது. ஆனால் இதற்கு ஆள் வேண்டும். மழைநீர்க் குழாயில் ஒரு இலை அடைத்தால் போதும், தேங்கிய தண்ணீர் இறங்கி, சுவருக்குள் போகும் கட்டையின் நுனி இற்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம், 19ஆம் நூற்றாண்டு நகர மன்றம், 2014 நவம்பர் மழையில் அப்படியே உட்கார்ந்தது. பிறகு அதே முகத்தோடு புதிதாகக் கட்டினார்கள். அரசாங்கத்துக்கு அது முடியும். வீதி வீடுகள் விழுந்தால் அந்த இடத்தில் நாலு மாடி வரும். பக்கத்து வீட்டோடு சுவர் பொதுவென்றால் அவர்களுக்கும் கேடு. நூறு வருடம் மழையே பார்க்காத சுவர் திடீரென்று வெளியே நிற்கும்.

இந்த வீடுகளைக் கொல்வதில் மழையைவிடப் பாகப்பிரிவினைக்குத்தான் பெரிய பங்கு என்று நினைக்கிறேன். எங்கள் வீதியிலேயே ஒரு முற்றத்தின் நடுவில் செங்கல் சுவர் எழுப்பி, அண்ணனுக்குப் பாதி மழை, தம்பிக்குப் பாதி மழை என்று வாழ்ந்தார்கள். தாத்தாவுக்கு ஏழு பிள்ளைகள். வீட்டை யாரும் கேட்கவில்லை, யாரும் விடவும் இல்லை. ஐந்து வருடம் பூட்டிக் கிடந்து, கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்த பிறகுதான் கடைக்கு விட்டோம். கடை வந்ததால் வீடு பிழைத்தது. இதை நான் ஒத்துக்கொண்டே ஆக வேண்டும்.

ஆனால் பிழைத்த விதம் இருக்கிறதே! ஏசி தங்கவேண்டும் என்று முற்றத்தைப் பாலிகார்பனேட்டால் மூடினார்கள். சூடான காற்று மேலே போக இருந்த ஒரே வழி அது. சாய்பலகை ஜன்னல்களை ஆணி அடித்துச் சாத்தினார்கள். சுண்ணாம்புச் சுவரில் எமல்ஷன் பூசினார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல், இரண்டாவது மழைக்கே பெயிண்ட் கொப்பளித்தது. வில்லியனூரிலிருந்து வந்த கொத்தனார் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "செவுத்துக்கு மூச்சு முட்டுது தம்பி" என்றார். திண்ணையில் யாரும் உட்காரக்கூடாதென்று கூர்க்கம்பி வைத்ததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஓரமாகக் குத்தவைத்து டீ குடித்தார்.

இந்த வருடம் ஒப்பந்தம் முடிகிறது. கடைக்காரர் வாடகையைக் கூட்டித் தருகிறாராம், பதிலுக்கு முற்றத்தில் கான்கிரீட் தளம் போட்டுக்கொள்ள வேண்டுமாம். குடும்ப வாட்ஸப்பில் கட்டைவிரல்கள் வரிசையாக வந்தன. அப்பா போனபிறகு அவர் கையெழுத்து என்னுடையது. நான் கணக்குப் போட்டேன். 12க்கு 10 அடி, 5 அங்குல கனம் என்றால் தளத்தின் எடை மட்டும் சுமார் மூன்றரை டன். தாங்கப்போவது நாலு மரத்தூணும் களைத்துப்போன சுவரும்.

"தேக்குடா அது, தாத்தா பர்மாவுலேருந்து வரவழைச்சது" என்றார் பெரியப்பா.

"தேக்குதான் பெரியப்பா. ஓட்டைத் தாங்கத்தான் வச்சாங்க."

அத்தை மட்டும் தனியாக அழைத்தாள். "முத்தத்துலதான்டா என் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டாங்க. காசு வேணும்தான். அதுக்காக மேல கல்லைப் போட்டு மூடணுமா?" அவளுக்கு உண்மையாகவே காசு வேண்டும். மாமாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. எனக்கு அந்தப் பங்கு சம்பளத்துக்கு மேல் வருவது, அவளுக்கு அதுவே வருமானம். கொள்கை பேசுவது எனக்கு எவ்வளவு சுலபம் என்று போனை வைத்த பிறகு நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கடைக்காரரிடம் மூன்று நிபந்தனை வைத்தேன். கான்கிரீட் கூடாது. எமல்ஷனைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூச வேண்டும், பாதிச் செலவு எங்களுடையது. திண்ணைக் கம்பியை எடுக்க வேண்டும். கேட்ட கூடுதல் வாடகையில் பாதிதான் இதற்குக் கிடைக்கும் என்றார். என் பங்கில் வருவதை இனி அத்தைக்கே போடச் சொல்லிவிட்டேன். முதல் இரண்டுக்கும் அவர் தலையாட்டினார். மூன்றாவதற்கு மட்டும், "உக்காந்தா எழுந்திரிக்க மாட்டாங்க சார், கஸ்டமர் எப்படி உள்ள வருவாங்க?" என்றார். ஒரு மணிநேரம் பேசியும் அசையவில்லை.

ஆறு கையெழுத்து ஆகிவிட்டது. சித்தப்பாவுடையது பாரிஸ் தூதரகத்தில் முத்திரை வாங்கிக்கொண்டு வரவேண்டும்.