சனிக்கிழமை இரவில் ஸ்பானிய றெகே

மாணவர் மாநாடொன்றின் பொருட்டுப் பனாமா நகரிலே பத்து நாட்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. யமேய்க்காவிற் பிறந்த றெகே இசையை ஸ்பானிய மொழியில் வேரூன்றச் செய்தோருள் பனாமியர் முன்னோடிகள். வார இறுதியில் அதனை அந்நகரிலேயே கேட்டுவிட வேண்டுமென விரும்பினேன்.

வெள்ளிக்கிழமை விடுதிப் பணியாளரிடம் விசாரித்தேன். அவர் பழைய நகர்ப்பகுதியைக் காட்டினார். அங்கு உல்லாசப் பிரயாணிகளுக்கான சல்சாவே ஒலித்தது. சுவரொட்டிகளைப் பார்த்ததும் பயன் தரவில்லை. மறுநாள், மேற்கிந்தியத் தொழிலாளரின் வரலாற்றைக் கூறும் அரும்பொருட்சாலையிற் சந்தித்த மூதாட்டி ஒருவரே எனக்கு வழிகாட்டினார். "மண்டபங்களிலே தேடாதே, பிள்ளை; கால்வாய் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் இடத்துக்குப் போ" என்று ஆங்கிலத்திற் கூறி, றீயோ அபாஹோ என்னும் பகுதியைக் குறிப்பிட்டார்.

1904 முதல் 1914 வரை அமெரிக்கர் கால்வாயை அமைத்தபோது, பார்படோஸ், யமேய்க்கா முதலிய தீவுகளிலிருந்து பல்லாயிரவர் கொண்டுவரப்பட்டனர். வெள்ளையருக்குத் தங்கப் பட்டியல், இவர்களுக்கு வெள்ளிப் பட்டியல் எனச் சம்பளமும் வாழிடமும் வேறாயின. 1941 ஆம் ஆண்டு அரசியலமைப்பு, ஸ்பானியத்தைத் தாய்மொழியாகக் கொண்டிராத கறுப்பினக் குடிவரவாளரின் சந்ததியினருக்குப் பிரசாவுரிமையை மறுத்தது. 1946 இல் அவ்விலக்கு நீங்கிற்று. அவர்தம் வழிவந்தோரே 1980களில் ஸ்பானிய மொழியில் றெகே பாடினர். றெனாற்றோ, நான்டோ பூம், எல் ஹெனெரல் ஆகியோர் அவர்களுட் சிலர். 'சிவப்புப் பிசாசுகள்' எனப்பட்ட வண்ணந்தீட்டிய பஸ் வண்டிகளில் ஓடிய ஒலிநாடாக்கள் அவ்விசையை நகரெங்கும் பரப்பின.

அன்றிரவு றீயோ அபாஹோவில், ஒரு வீட்டு வாசலில் ஒலிபெருக்கி வைக்கப்பட்டிருந்தது. அனுமதிச் சீட்டுமில்லை, அறிவித்தலுமில்லை. தேங்காய்ப்பாலில் அவித்த சோற்றை யாரோ என் கையிலே தந்தார். முதியோர் தமக்குள் ஆங்கிலம் பேச, இளையோர் ஸ்பானியத்திற் பாடினர். தம் பாட்டன்மாரை விலக்குவதற்கு எம்மொழி காரணங்காட்டப்பட்டதோ, அம்மொழியையே அவர்கள் தமதாக்கிக்கொண்டிருந்தனர்.

நான் மலையகத்தவள். 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவரான என் பூட்டனார், 1985 இல் மறையும்வரை எந்நாட்டின் பிரசையாகவும் இருக்கவில்லை. எமது துயரை நாம் தமிழிலே பாடினோம், எம்மவரே கேட்டனர். அடுத்த வீட்டாரின் மொழியை விண்ணப்பப் படிவத்துக்காகவும் பரீட்சைக்காகவும் கற்றோமேயன்றி, அவர் செவியில் விழும்படி ஒரு பாட்டையேனும் அதிலே பாடினோமா என்று அன்றிரவு என்னையே வினவிக்கொண்டேன்.

ஆயினும் மூதாட்டி சொன்ன மற்றொன்றையும் மறைத்தல் நேர்மையாகாது. தம் ஆங்கிலத்தைப் பேரப்பிள்ளைகள் இப்பொழுது விளங்கிக்கொள்வதில்லை என அவர் வருந்தினார். கேட்கப்படுவதற்கு அவர்கள் கொடுத்த விலை அது. அவ்விலையைக் கொடாமலே கேட்கப்படுதல் இயலுமா? விடை எனக்குத் தெரியாது. இக்கட்டுரையையும் நான் தமிழிலேயே எழுதியிருக்கிறேன்.